அமெரிக்காவைத் தாண்டவே இல்லையா?

அமேசிங் ரேஸ் என்பது அணிகள் ஊர் ஊராக, நாடு நாடாகப் போட்டி போட்டு ஓடும் அமெரிக்க டிவி நிகழ்ச்சி. "அமேசிங் ரேஸ் குடும்பப் பதிப்பு அமெரிக்காவைத் தாண்டவே இல்லை, அதனால்தான் எல்லோரும் திட்டினார்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி. 2005-இல் வந்த அந்த எட்டாவது சீசன் பனாமாவுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் போனது, போவாஸ் எரிமலைப் பக்கம்கூட. கடைசிச் சுற்றில் கனடாவின் மான்ட்ரியல், டொரன்டோ, அங்கிருக்கும் சிஎன் டவர் கோபுரம். முடிந்த இடம்தான் நியூயார்க் மாநிலம்.

ஆனால் கடல் கடந்து போகவில்லை. பெரும்பகுதி அமெரிக்க நெடுஞ்சாலையில் காரோட்டம். பார்வையாளர்களின் எரிச்சலில் அது நியாயமானது. அணிக்கு நாலு பேர் வீதம் பத்து அணி, ஆக நாற்பது முகம். யார் யாரென்று பிடிபடுவதற்குள் பாதிப் பேர் வெளியே! என்னைக் கேட்டால், பாதையைவிட இதுதான் பெரிய கோளாறு.

அப்புறம், ஜெயித்தது அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட அணியும் இல்லை. லின்ஸ் குடும்பம்: மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு சகோதரி.