இரண்டு மைக் இருந்தால் இரைச்சல் போய்விடுமா?

காது கேட்கும் கருவியில் இரண்டு மைக் இருந்தால் சுற்றுப்புற இரைச்சல் முழுக்க நீங்கி, பேச்சு மட்டும் கேட்கும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது அப்படி இல்லைங்க.

மைக்குகளுக்கு எது பேச்சு, எது இரைச்சல் என்று தெரியாது. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும்தான் அவற்றின் கணக்கு. இரண்டுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், நேர் முன்னால் இருந்து வரும் ஒலி ஒன்றைத் தொட்டு மற்றொன்றை அடைய சுமார் 30 மைக்ரோவிநாடி ஆகும், பின்னால் இருந்து வருவதற்கு அதே வித்தியாசம் தலைகீழாக இருக்கும், இதை வைத்துத்தான் கருவி பின்பக்க ஒலியைக் குறைக்கிறது. குறைக்கிறது, அவ்வளவுதான், அடியோடு நீக்குவதில்லை. எதிரொலிக்கும் கூடத்தில் சத்தம் சுவரில் பட்டு எல்லாப் பக்கமும் வருவதால் பலன் இன்னும் குறையும். (இரைச்சலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வேறு சங்கதி.)

நீங்களே பார்க்கலாம். கருவியைப் பொருத்தித் தரும் நிபுணரிடம் சொல்லி, கருவி தானாகவே அமைப்பை மாற்றிக்கொள்வதையும் மென்பொருளின் இரைச்சல் குறைப்பையும் நிறுத்தி, முன்பக்கம் கேட்கும் அமைப்பை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசட்டும், உங்கள் முதுகுப்பக்கம் ரேடியோ ஓடட்டும். அப்புறம் அதே ரேடியோவைப் பேசுபவர் பக்கத்தில் வையுங்கள். முதலில் கிடைத்த தெளிவு இரண்டாவதில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பேசுபவரையே உங்களுக்குப் பின்னால் நிற்க வைத்தால் அவர் குரலும் சேர்ந்து அடங்கும்.