கட்டிய வீட்டைக் காப்பாற்றவும் பணம் ஒதுக்குங்கள்

சிறுவயதில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அரசுக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வாழ்ந்தவன் நான். சமையலறை மூலையில், தலைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத்திட்டு இருந்தது. மேல்வீட்டுக் குளியலறைக் குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அப்பா மனு எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ஓர் ஆள் வந்து, திட்டின் மேல் வெள்ளையடித்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு திட்டு தட்டின் அளவுக்கு வளர்ந்தது. பிறகு காரை உதிர்ந்தது. துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. ஒருநாள் விடியற்காலையில் ஒரு பாளம் பெயர்ந்து அடுப்பு மேடைமேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கட்டடம் வசிக்கத் தகுதியற்றது என்று அறிவிப்பு வந்தது. ஒரு குழாய் இணைப்பை மாற்ற ஒரு மணி நேரம் போதும் என்பதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஏழைகளின் வீடுகள் இடிக்கப்படும்போது புல்டோசரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, பல ஆண்டுகளுக்கு முன்பு மேசை இழுப்பறைக்குள் போன அந்த மனுவை.

இதை எழுதும்போது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பு நினைவுக்கு வருகிறது. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 11 மாடிகள். 1950களின் நடுவில் கட்டி முடித்தார்கள். 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். கட்டடம் சரிந்து விழும் அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அதைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். இன்றும் பேசுகிறார்கள்.

அந்தப் புகைப்படத்தில் தெரியாத ஒன்று, கணக்குப் புத்தகம். 1937ஆம் ஆண்டின் அமெரிக்க வீட்டுவசதிச் சட்டப்படி, கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போர் தரும் வாடகையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டது. செயின்ட் லூயிஸில் வேலைகள் குறைந்தன, மக்கள் நகரைவிட்டு வெளியேறினார்கள். வாடகை வரவு சுருங்கியது. பழுதுபார்ப்பது நின்றது. பழுதான வீடுகள் காலியாயின. காலி வீட்டிலிருந்து வாடகை எங்கே வரும்? மிஞ்சியிருந்தவர்களின் வாடகையை ஏற்றினார்கள். பொறுக்க முடியாமல் 1969இல் குடியிருப்போர் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். இடிந்துபோன வீட்டின் பழியையும் கடைசியில் அவர்கள் தலையில்தான் கட்டினார்கள்.

அதே 1969இல், செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், வாடகை குடும்ப வருமானத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்றது. நியாயமான சட்டம். குறையும் வாடகையை ஈடுகட்ட அரசின் நிதி மட்டும் தேவைக்கேற்ப வரவில்லை. 1998இல் வந்த இன்னொரு திருத்தம், பொதுக் குடியிருப்புகளின் மொத்த எண்ணிக்கையையே கூடாதபடி கட்டிப்போட்டது. நியூயார்க் நகரப் பொதுக் குடியிருப்புகளைச் செப்பனிட இருபது ஆண்டுகளில் 7,800 கோடி டாலர் தேவை என்று 2023இல் கணக்கிட்டார்கள். கூரை, கொதிகலன், லிப்ட், குழாய் என்று தள்ளிப்போட்ட ஒவ்வொன்றும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து நிற்கிறது.

பராமரிக்க முடியாவிட்டால் விற்றுவிடலாமே என்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கே அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்ந்த வீடு சொந்தமாகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? விற்ற பணத்தைக் கொண்டு புது வீடுகள் கட்ட உள்ளாட்சிகளுக்குக் கட்டுப்பாடு விதித்ததுதான் கொடுமை. ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் போயின, அவற்றுக்கு ஈடாகக் கட்டியவை மிகச் சொற்பம். ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அந்த விற்பனையையே நிறுத்திவிட்டன.

பெர்லின் நகரம் 2004இல் சுமார் 65,000 வீடுகள் கொண்ட தன் வீட்டுவசதி நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றது. கடன்களை வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டு, கையில் பெற்ற விலை 40.5 கோடி யூரோ. 2019இல் நகரத்துக்குச் சொந்தமான இன்னொரு நிறுவனம், அப்படிப் போனவற்றில் சுமார் 6,000 வீடுகளைத் திரும்ப வாங்கியது. கொடுத்த விலை 92 கோடி யூரோ. இந்த எண்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன்.

வீடு வேண்டாம், வாடகை மானியம் கொடுத்தால் போதும் என்ற வாதத்தையும் கேட்கிறேன். அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் வீட்டுச் சொந்தக்காரர் கைக்குப் போய்ச் சேர்கிறது. வாடகை ஏற ஏற மானியமும் ஏறியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் கொடுத்த பிறகும் பொதுமக்களுக்கென்று ஒரு செங்கல்கூட மிஞ்சாது. அமெரிக்காவில் மத்திய அரசின் வாடகை உதவி, தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. மற்றவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்.

வீடு கட்டவும், கட்டியதைக் காப்பாற்றவும் பணம் ஒதுக்குங்கள் என்கிறேன். முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1923இல் வீட்டுவசதிக்கென்றே தனி வரி போட்டார்கள். சிறிய வீட்டுக்குச் சிறிய வரி, மாளிகைக்குப் பெரிய வரி. அடுத்த பத்தாண்டுகளில் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை நகராட்சி கட்டியது. இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் நகரத்தின் கையில் இருக்கின்றன.

அந்த வீடுகள் அடங்கிய குடியிருப்புகளில் ஒன்று கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கட்டடம். 1930இல் திறந்தபோது 1,382 வீடுகள். உள்ளேயே சலவைக்கூடங்கள், குளியல் கூடங்கள், மழலையர் பள்ளிகள், நூலகம். 1934 பிப்ரவரியில், உள்நாட்டுச் சண்டையின்போது, அரசுப் படைகள் அதன்மேல் பீரங்கியால் சுட்டன. உடைந்த சுவர்களைச் சரிசெய்தார்கள். 1980களின் கடைசியில் மறுபடியும் முழுமையாகப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். மிகச் சிறிய வீடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். அங்கே இன்றும் குடும்பங்கள் நகரத்துக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கின்றன.