டிராம்போனும் சின்னத் தாத்தாவின் மெட்டும்

போன ஜூன் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு டிராம்போன், நீட்டி மடக்கி ஊதும் பித்தளைக் குழல், வந்து சேர்ந்தது. மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கைக்கு பேண்ட். விடுமுறையில் பழகட்டும் என்று வாத்தியத்தைக் கையோடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரில் எங்கள் நாலறை வீவக அடுக்குமாடி வீட்டில் அதன் குழலை முழுசாக நீட்டினால் சாப்பாட்டு மேசையில் இடிக்கும். அதனால் சமையலறையைப் பார்த்து நின்றுகொண்டு, காலையும் மாலையும் நாலைந்து சுரங்களையே திரும்பத் திரும்ப உறுமிக்கொண்டிருந்தாள். பல்வலி வந்த யானை மாதிரி இருந்தது. எதிர்வீட்டு மலாய் மக்சிக் மின்தூக்கியில் என்னைப் பார்த்து, "உன் மகள் நல்ல சுறுசுறுப்பு, பள்ளிக்கூடம் எப்போது திறக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா இது, பாட்டு எப்போ வரும்?" என்று நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்குப்பா. அஞ்சு நிமிஷத்துக்கு மேல காத்திருக்கணும். அதுவரைக்கும் இப்படித்தான்."

அவள் பழகிக்கொண்டிருந்தது ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ஃபின்லாண்டியா. மொத்தமே எட்டு, ஒன்பது நிமிடம்தான். அதற்கப்புறம் அதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எம்ஆர்டியில், துணி மடிக்கும்போது, ஒரு தடவை எஸ்பிளனேட் கலை அரங்கில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரிலும் கேட்டேன். கேட்கக் கேட்க ஒரு கேள்வி மனசில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாட்டின் விடுதலைப் போராட்டத்தை ஒரு வார்த்தைகூட இல்லாமல் சொல்ல முடியுமா? முடிகிறது என்றால் அது எப்படி நடக்கிறது?

நமக்கு இது கொஞ்சம் அந்நியமான விஷயம். தமிழனுக்கு விடுதலை என்றால் பாட்டு, பாட்டு என்றால் வரிகள். பாரதியை எடுத்துவிட்டு நம் விடுதலை உணர்ச்சியை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆர்கெஸ்ட்ரா என்றால் நமக்குக் கல்யாண வரவேற்பில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரி. இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியபோதுதான் தேக்கா கோப்பிக்கடையிலும் அந்தச் சொல் சரளமாக அடிபட்டது. அப்போதும் பெரிதாகப் பேசியது பெருமையைப் பற்றித்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். ஃபின்லாந்து 1809 முதல் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ஆனால் அதற்கென்று சொந்தச் சட்டமும் மன்றமும் இருந்தன. 1899 பிப்ரவரியில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் ஓர் அறிக்கை விட்டு அந்தத் தன்னாட்சியில் கை வைத்தார். ஃபின்லாந்து மக்கள் பனியில் சறுக்குக்கட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சில வாரங்களுக்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். அதைக் கொண்டுபோன தூதுக்குழுவை மன்னர் பார்க்கக்கூட மறுத்துவிட்டார். பத்திரிகைகளுக்கும் நெருக்கடி. அந்த நவம்பரில் ஹெல்சிங்கியில் பத்திரிகையாளர் ஓய்வூதிய நிதிக்காக என்று சொல்லி ஒரு விழா எடுத்தார்கள். ஓய்வூதியத்துக்கு எந்த அதிகாரி தடை போடுவார்? மேடையில் ஆட்கள் அசையாமல் நிற்க, நாட்டின் வரலாறு காட்சி காட்சியாக வந்தது, பின்னால் சிபேலியஸின் இசை. கடைசிக் காட்சியின் பெயர் "ஃபின்லாந்து விழிக்கிறது". அதில் கவிஞர், அறிஞர், பள்ளிக்கூடம் இவற்றோடு நாட்டின் முதல் ரயில் எஞ்சினும் இருந்ததாம். அதற்கு எழுதிய இசையைத்தான் மறு ஆண்டு திருத்தி ஃபின்லாண்டியா ஆக்கினார்.

பெயர்தான் ஆபத்து என்பதை அப்போதே தெரிந்துவைத்திருந்தார்கள். ரஷ்யப் பிடியில் இருந்த பால்டிக் பகுதிகளில் இதே இசையை "இம்ப்ராம்ப்டு" என்று சாதுவாகப் பெயர் மாற்றி வாசித்தார்கள். வரிகள் இருந்திருந்தால் மாட்டியிருப்பார்கள். தணிக்கை அதிகாரி கையில் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தால், எந்தச் சுரத்தை அடிப்பார்?

இனி அந்த உறுமல். தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்கள் கனமான சுரக்கூட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளுகின்றன. எதுவும் ஓரிடத்தில் உட்காராது. நம் காது "இதோ முடியப்போகிறது" என்று எதிர்பார்க்கும் இடத்திலெல்லாம் இன்னொரு பாரம் வந்து விழும். அப்புறம் மரக்குழல் வாத்தியங்கள், வேண்டுதல் போல. அப்புறம் தந்திகள், கெஞ்சுவது போல. அதற்கும் பித்தளையிடம் இருந்து அதே முரட்டுப் பதில். நடுவில் வேகம் பிடித்து, எக்காளங்கள் ஒரே தாளத்தைச் சுத்தியலால் அடிப்பது போல் அடிக்கின்றன. அது முடிந்து எல்லாம் அடங்கிய பிறகுதான் அந்தப் பாட்டு வருகிறது. க ரி க ம, க ரி க ஸ ரி ரி க. சங்கராபரணத்தின் சுரங்கள்தான். ஒரு ஸ்தாயியைக்கூடத் தாண்டாத, சின்னப் பிள்ளையும் பாடக்கூடிய மெட்டு. நாட்டுப்புறப் பாடலை எடுத்தாண்டிருக்கிறார் என்று பலர் நினைத்தார்களாம். முழுக்க அவர் சொந்தமாக எழுதியது.

அந்த மெட்டை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், நல்ல பக்திப் பாடல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். முன்னால் ஐந்து நிமிடம் நம்மை மூச்சு முட்ட வைத்ததால்தான் அது விடுதலையாகக் கேட்கிறது. பெரும்பாலானவர்கள் போராட்ட இசை என்றால் முரசும் எக்காளமும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டைத் தராமல் இழுத்தடிப்பதில்தான் அந்தப் போராட்டம் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, அது நமக்கு நன்றாகப் பழகியது. நாதசுரத்தில் ஒரு கீர்த்தனை வாசிக்கும்போது வார்த்தை எங்கே இருக்கிறது? வாத்தியம் மெட்டை மட்டும் கொடுக்கிறது, வரிகளைக் கேட்பவர் தன் மனசுக்குள் பாடிக்கொள்கிறார். செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மேதனா இதைத்தான் செய்தார். "என் தாயகம்" என்று ஆறு பகுதிகளில் 1874 முதல் 1879 வரை எழுதினார். அந்த முதல் வருஷத்திலேயே காது முழுசாகப் போய்விட்டது. அதில் கடைசி இரண்டு பகுதிகளில், 15-ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் வழியினர் போருக்குப் போகும்போது பாடிய பாடலின் மெட்டை வைத்தார். ஆஸ்திரிய ஆட்சியில் உட்கார்ந்திருக்கும் செக் ரசிகர் ஒவ்வொருவருக்கும் "கடவுளின் போர்வீரர்களே" என்ற அந்த வரி தெரியும். மேடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் பிராக் நகர இசை விழா அவர் இறந்த நாளான மே 12 அன்றுதான் தொடங்குகிறது.

வரியே இல்லாத இசையும் நம்மிடம் இருக்கிறது. மல்லாரி. டேங்க் ரோடு கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது தவிலும் நாதசுரமும் மல்லாரி எடுத்தால், வாசலுக்கு வெளியே நிற்பவருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். சாமி கிளம்பிவிட்டது. கூட்டம் தானாக ஒதுங்கி வழி விடும். சிபேலியஸ் செய்ததை இதோடு ஒப்பிட்டால் மகள் முறைக்கிறாள், ஆனால் நான் விடுவதாக இல்லை.

எல்லா வாத்தியக் கூட்டமும் விடுதலையின் பக்கம் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சர் எல்லாருக்கும் தெரியும், பீரங்கி வெடிக்குமே, அது. நெப்போலியனை ரஷ்யா விரட்டியதைக் கொண்டாடி 1880-இல் எழுதியது. பிரெஞ்சுப் படைக்கு அவர்கள் நாட்டுப் பண்ணான மார்செய்யேஸின் மெட்டு. கடைசியில் அதை நசுக்கிவிட்டு எழும் வெற்றி மெட்டு "கடவுளே, ஜாரைக் காப்பாற்று". அதே ஜார் பரம்பரைதான் 19 வருஷம் கழித்து ஃபின்லாந்தின் கழுத்தைப் பிடித்தது. அதே டிராம்போன், அதே எக்காளம், அதே முரசு. பேரரசைப் புகழவும் அதுதான், பேரரசை எதிர்க்கவும் அதுதான். சைகோவ்ஸ்கிக்கே தன் படைப்பின்மேல் மதிப்பில்லை. வெறும் சத்தம், அன்பில்லாமல் எழுதியது என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். எனக்கும் பீரங்கி வெடிப்பதற்கு முன்னாலேயே கொட்டாவி வந்துவிடும்.

வார்த்தை இல்லாததில் ஒரு சிக்கலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஃபின்லாண்டியாவின் மெட்டு ஆப்பிரிக்காவில் 1967-இல் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாஃப்ராவுக்குத் தேசிய கீதம் ஆனது. அந்த நாடே மூன்று வருஷத்தில் இல்லாமல் போய்விட்டது. நம் ஜன கண மனவும் 1942 செப்டம்பரில், நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது, ஹாம்பர்க்கில் ஒரு ஆர்கெஸ்ட்ராவின் வாசிப்பில் ஒலித்தது. அந்த நாட்டை அப்போது ஆண்டது யார் என்று உங்களுக்குத் தெரியும். சுரங்கள் யார் வீட்டில் வாசிக்கிறோம் என்று கேட்பதில்லை. அப்புறம், ஃபின்லாந்து 1917 டிசம்பர் 6 அன்று விடுதலை பெற்ற அடுத்த மாதமே உள்நாட்டுப் போரில் இறங்கி, ஃபின்லாந்துக்காரரை ஃபின்லாந்துக்காரரே சுட்டுக்கொன்றார்கள். அந்த அழகான மெட்டில் இதற்கு இடமே இல்லை. எல்லாரும் ஒரே குரலில் பாடுவது போலத்தான் அது இருக்கிறது. இந்தக் குறையை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

எஸ்பிளனேடில் கேட்டுவிட்டு வெளியே வந்த இரவு, மகளை அழைத்துக்கொண்டு சாலையைக் கடந்து எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனேன். அங்கே மரத்தடியில் இந்திய தேசிய ராணுவ நினைவிடக் குறிப்புக்கல் இருக்கிறது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் தகர்த்துவிட்டார்கள். 1995-இல்தான் இந்தக் குறிப்புக்கல் வந்தது. அவளுக்குத் தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

பக்கத்திலேயே பாடாங் திடல். 1943 ஜூலையில் நேதாஜி படையைப் பார்வையிட்டு "தில்லி சலோ" என்றது அங்கேதான். 1959 டிசம்பர் 3 அன்று அதற்கு எதிரே நகர மண்டபப் படிக்கட்டில்தான் மாஜுலா சிங்கப்பூரா நம் நாட்டுப் பண்ணாக அறிமுகமானது. சுபிர் சயித் அதை அதற்கு முந்தின வருஷம் நகர மன்றத்துக்காக எழுதியிருந்தார், புதுப்பித்த விக்டோரியா அரங்கின் திறப்புக்கு. சுமத்ராவிலிருந்து வந்து, சினிமாவுக்கு இசையமைத்துப் பிழைத்தவர். ஓய்வூதிய நிதி விழாவுக்கு எழுதியது ஃபின்லாண்டியா ஆனது போல, அரங்கத் திறப்புக்கு எழுதியது நாட்டுப் பண் ஆனது. நாட்டுக்காக எழுதுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் 1812 மாதிரிதான் வரும் போலிருக்கிறது. ஆனால் நாம் 1965 ஆகஸ்ட் 9 அன்று பெற்றது கேட்டு வாங்கிய விடுதலையா, மலேசியாவிலிருந்து தள்ளிவிடப்பட்டு வந்ததா என்பதை மாஜுலா சொல்லாது. அதற்கு வேறு இசை வேண்டும். தேசிய தினக் கொண்டாட்டங்களில் நான் கேட்பதெல்லாம் முடிவில் வரும் பாட்டு மட்டும்தான், முன்னால் இருக்க வேண்டிய ஐந்து நிமிட உறுமலைக் காணோம்.

என் தாத்தாவின் தம்பி, நாங்கள் சின்னத் தாத்தா என்போம், ஜோகூரில் பால்மரத் தோட்டத்தில் பால்வெட்டினவர். 19 வயதில் நேதாஜி படையில் சேர்ந்தார். பர்மா வரை போய், தோற்று, நடந்தே பாதி வழி திரும்பினார் என்று அப்பா சொல்வார். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பிற்பாடு துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் சிறுவனாக இருந்தபோது, காலையில் கண்ணாடி முன்னால் சவரம் செய்யும்போது மட்டும் ஒரு மெட்டை முனகுவார். வரி கிடையாது, வெறும் "ம்ம்ம்". அவருக்கு இந்தி தெரியாது, படையில் கற்றுக்கொடுத்த நாலு கட்டளைச் சொற்களைத் தவிர. அது ராம் சிங் தாகுரி மெட்டமைத்த, அந்தப் படையின் அணிவகுப்புப் பாட்டான "கதம் கதம் படாயே ஜா" என்று கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருஷம் ஆனது. பொருள் தெரியாத வரிகளைத் தோட்டத்துத் தமிழர்கள் கத்திப் பாடிக்கொண்டு நடந்தார்கள். வரிகள் போய்விட்டன, மெட்டு மட்டும் சவரக் கத்தியோடு தங்கிவிட்டது.

இதற்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா இசை வேண்டும் என்று எனக்கு ஆசை. இங்கே நல்ல இசையமைப்பாளர்கள் இருக்கிறார்கள், வாசிக்கத் திறமையான குழுக்கள் இருக்கின்றன. ஆனால் தயவுசெய்து அந்த அணிவகுப்பு மெட்டை எக்காளத்தில் கொடுத்து, முரசோடு வெற்றி முழக்கமாக முடிக்காதீர்கள். அவர்கள் ஜெயித்து வரவில்லை. தனியாக ஒரு வாத்தியம், அடிக்குரலில், கொஞ்சம் தப்பாக அதை வாசித்தால் போதும். மற்றவை சும்மா இருக்கட்டும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து மகளிடம் அந்த மெட்டை முனகிக் காட்டினேன். மணி பத்து ஆகியிருந்ததால் டிராம்போன் வாயில் ஒரு துண்டை அடைத்துக்கொண்டு சுரம் தேடினாள். கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். அப்புறம் யூடியூபில் அசலைப் போட்டுக் கேட்டோம். மூன்றாவது அடியில் ஓரிடம் பொருந்தவில்லை. அசலில் மேலே போகிறது, சின்னத் தாத்தா கீழே இறங்குவார்.

"எதைப்பா வாசிக்கிறது?" என்றாள்.

தாத்தா மாதிரியே வாசிக்கச் சொன்னேன்.