எம்ஐடி வேதியியல் விரிவுரைகளும் சான்றிதழும்

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் உள்ள, 5.111 என்ற எண் கொண்ட அறிமுக வேதியியல் பாடத்தின் விரிவுரைகளை முழுவதும் பார்த்து முடித்தால் அந்தப் பல்கலைக்கழகமே சான்றிதழ் தரும் என்று இங்கே பகிரப்பட்டிருக்கிறது. வணக்கத்துடன் ஒரு திருத்தம்: ஓப்பன்கோர்ஸ்வேர் எந்தப் பாடத்துக்கும் சான்றிதழோ மதிப்பெண்ணோ தருவதில்லை. பெயரைப் பதியாமலேயே யாரும் பார்க்கலாம் என்பதுதான் அதன் அமைப்பு. யார் எதைப் படித்து முடித்தார்கள் என்ற கணக்கு அங்கே வைக்கப்படுவதில்லை. ஐயமிருந்தால் அதே தளத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பக்கத்தைத் திறந்து, சான்றிதழ் பற்றிய கேள்வியைப் படித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இதனால் பாடத்தை விட்டுவிட வேண்டாம். எம்ஐடி பேராசிரியர் கேத்தரின் டிரென்னன் 2014இல் நடத்திய அந்த வகுப்புகள் மிகத் தெளிவானவை. பயிற்சிக் கணக்குகளும் தேர்வுத்தாள்களும் விடைகளோடு இலவசமாகவே இருக்கின்றன. என் மகளுக்கும் அவற்றைத்தான் சொல்லியிருக்கிறேன்.