சிசி கூட்டத் தெரிந்தவருக்குச் சூட்டைத் தணிக்கத் தெரியவில்லை

காற்றால் குளிரும் பழைய எஞ்சினுக்குச் சக்தி கூட்டினால் இப்படிச் சூடேறத்தான் செய்யும் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் ஆகாது. 1950களிலேயே ஜெர்மனியில் ஓட்டிங்கர் நிறுவனம் ஃபோல்க்ஸ்வாகன் பீட்டலுக்கு ‘ஒக்ராசா’ என்ற பெயரில் ஒரு கிட் விற்றது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வழியில் காற்று புகும் ஹெட் (சிலிண்டரின் மூடி), கூடவே இரண்டு கார்புரேட்டர். அவர்கள் முதலில் கை வைத்தது எஞ்சின் மூச்சு விடும் இடத்தில். இங்கே சுங்கை சிப்புட்டில் என் பீட்டலைப் பிரித்த மெக்கானிக்குக்கு மூச்சும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. வாயைத் திறந்தால் எஞ்சின் கொள்ளளவுதான்: சிசி, சிசி, சிசி.

கார் 1972ஆம் ஆண்டினுடையது. 1584 சிசி, 50 குதிரைத்திறன். தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா விட்டுச் சென்றது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை, ஓட்ட வேண்டும். ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே சாலை காலியாக இருந்தும் முந்த முடியாமல் புகை குடித்தவர்களுக்குத்தான் என் ஆசை புரியும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு ஏறும்போது பின்னால் வரிசை கட்டும் வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்கும். கூடுதல் சக்தி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

நான் கேட்டது 1776 சிசி. அசல் கிராங்க் ஷாஃப்ட்டின் 69 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் போய்வரும் தூரத்தை, மாற்றாமல் 90.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் போட்டால் வரும் கணக்கு அது. அதற்கு எஞ்சினை முழுதாகப் பிரித்து, பிளாக்கையும் ஹெட்டையும் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, சிலிண்டர் நுழையும் துவாரங்களை அகலப்படுத்த வேண்டும். வேலை அதிகம், நாளாகும் என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன், முன்பணமும் கொடுத்தேன். அவர் போட்டது என்ன? 88 மில்லிமீட்டர். பிளாக்கைக் கடையாமலே உள்ளே நுழைத்துவிடக்கூடிய பிஸ்டன், சிலிண்டர் செட். வெளி அளவு மாறாமல் உள் அளவை மட்டும் கூட்டியிருப்பதால் சிலிண்டர் சுவர் மெலிந்துவிடுகிறது. மெலிந்த சுவர் சூட்டில் வட்டம் கெட்டுக் கோணும். கோணினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சுவரில் ஒட்டாது, எரிந்த வாயு கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறிப் புகையும். இந்த எஞ்சினைப் பற்றி அறிந்தவர்கள் 88 வேண்டாம் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கேட்டால், “எல்லாம் ஒன்றுதான் அண்ணே, சிசி கூடியிருக்கிறதல்லவா?” என்கிறார். ஒன்றில்லை! கடைசல் செலவை மிச்சம் பிடிக்க என் எஞ்சினைப் பலி கொடுத்திருக்கிறார்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். காற்றை எஞ்சின் மீது திருப்பிவிடும் தகரங்களை எடுத்ததை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. ஜெனரேட்டர் தண்டிலேயே ஒரு ஃபேன் இருக்கிறது. பெல்ட் சுற்றினால் அதுவும் சுற்றி, மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, தகரக் கூண்டு வழியாக நான்கு சிலிண்டர்கள் மீதும் தள்ளுகிறது. கூண்டுக்குள்ளே காற்றைப் பங்கிட்டுத் திருப்பும் தடுப்புகள் உண்டு. சிலிண்டர்களின் அடியில் வளைந்த தகரங்கள் உண்டு. அவை இருந்தால்தான் காற்று சிலிண்டரின் அடிவயிற்றையும் தழுவிவிட்டுப் போகும், இல்லாவிட்டால் நேராகக் கீழே ஓடிவிடும். எஞ்சின் அறையின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. கீழே எக்ஸாஸ்ட் கக்கும் சூடு மேலே வராமல் தடுப்பது அது. ஆயில் கூலருக்குத் தனிப் பாதை, அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோய் விடத் தனிக் குழாய். இவற்றில் எதுவுமே அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது.

அவர் அசல் கூண்டை எடுத்துவிட்டுக் குரோம் பூசிய புதுக் கூண்டை மாட்டியிருக்கிறார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தடுப்புகூட இல்லை, வெறும் குடைவு. அடித்தகரங்கள் இல்லை. கூலரின் குழாய் இல்லை, அதனால் கூலரில் ஏறிய சூடு எஞ்சின் அறைக்குள்ளேயே கொட்டுகிறது. ரப்பர் பட்டை அறுந்து தொங்குகிறது. இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று அதைக் கழற்றியிருக்கிறார், அது நியாயம்தான். ஆனால் ஹீட்டருக்குக் காற்று போகும் இரண்டு வாய்களையும் மூட வேண்டாமா? திறந்தே கிடக்கின்றன! சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த ஓட்டைகள் வழியாக வீணாகப் போகிறது. சிசியைக் கூட்டினால் சூடு கூடும், சூடு கூடினால் காற்று கூட வேண்டும். இவர் சூட்டைக் கூட்டிவிட்டுக் காற்றைக் குறைத்திருக்கிறார். என் எஞ்சின் இப்போது தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் சூடேறும்வரை குளிர்காற்றை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டும் போய்விட்டது. “நம் நாட்டுக்குத் தேவையில்லை அண்ணே.” காலை வெயில் 30 டிகிரி என்றால் எஞ்சினுக்கு அது குளிர்தான். வேலை செய்யும் சூட்டுக்குச் சீக்கிரம் வராத எஞ்சின் பெட்ரோலைச் சரியாக எரிக்காது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிவிடும், தேய்மானம் அங்கேதான் தொடங்கும்.

தீப்பொறியை நேரம் பார்த்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சினின் உறிஞ்சலை (வேக்குவம்) வைத்தும் நேரத்தை மாற்றும் அசலைக் கழற்றிவிட்டு 009 மாடலை மாட்டியிருக்கிறார். அது சுழலும் எடைகளை மட்டுமே நம்பி நேரத்தை மாற்றுகிறது, எனக்கிருக்கும் ஒற்றைக் கார்புரேட்டரோடு அது ஒத்துப்போவதில்லை. பெடலை மிதித்தால் ஒரு கணம் கார் செத்துப் பிழைக்கிறது. லாரியை முந்த வலப்பக்கம் ஏறிய பிறகு அந்த ஒரு கணம் என்னவாகும் என்று அவர் யோசித்தாரா? தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, காதால் கேட்டு வைத்ததாகப் பெருமை வேறு! இந்த எஞ்சினில் ஃபேன் இரைச்சலுக்கு நடுவே, டைமிங் தப்பினால் எஞ்சின் தட்டும் சத்தம் ஓட்டுபவர் காதுக்கு எட்டவே எட்டாது. எட்டும்போது பிஸ்டன் உருகியிருக்கும். டைமிங் விளக்கை வைத்து, உயர்ந்த சுற்றில் தீப்பொறி முந்தும் கோணம் மொத்தம் சுமார் 30 டிகிரியைத் தாண்டவில்லை என்று பார்த்தே ஆக வேண்டும். பட்டறையில் அந்த விளக்கே இல்லை.

இப்போது ஈப்போ போய்த் திரும்பினால் சிக்னலில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைக் கையால் தொட முடியவில்லை. உள்ளே இருப்பதே இரண்டரை லிட்டர் ஆயில், ஃபில்டர்கூடக் கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும். அந்தச் சிறிய அளவு ஆயில்தான் தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், சூட்டையும் சுமக்க வேண்டும். அது தண்ணீராக இளகிவிட்டால் பேரிங் எத்தனை மைல் தாங்கும்?

ஒட்டுக்கடையில் உட்கார்ந்துகொண்டு சுபாரு எஞ்சின் வைத்துவிடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். அது தண்ணீரால் குளிர்வது, முன்னால் ரேடியேட்டர் வைக்க வேண்டும், அடியில் குழாய் இழுக்க வேண்டும். அப்பாவின் காரை வேறு காராக்க நான் கேட்கவில்லை.

கடைசியாக, இதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் கொள்ளளவு மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் அனுமதி பெற்று, பரிசோதனை முடித்து, பதிவில் மாற்ற வேண்டும். 1584 சிசிக்குச் சாலை வரி 90 ரிங்கிட். 1776 என்றால் 270 ரிங்கிட் 40 சென். அதைக் கட்டத் தயாராகத்தான் வந்தேன். “யாருக்குத் தெரியப் போகிறது?” என்று இவர் சொல்கிறார். நாளைக்கு ஒரு விபத்து நடந்து, காப்புறுதி நிறுவனம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, பதிவில் இல்லாத அளவு என்று இழப்பீட்டை மறுத்தால் இவரா வந்து கட்டப் போகிறார்? என்ன பிஸ்டன் போட்டீர்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொன்னேன். “எஞ்சின் வேலை” என்று இரண்டே சொல் எழுதி நீட்டினார். 88 மில்லிமீட்டர், 1679 சிசி, கழற்றிய தகரங்கள் இன்னின்னவை என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை மீதிப் பணத்தில் ஒரு சென்கூட என் கையிலிருந்து வராது.