தூரோடு பூசிய சிமெண்ட்

இளவேனில் வந்துவிட்டால் காலையில் அரைமணி நேரமாவது நடக்காமல் எனக்குப் பொழுது விடியாது. பிறந்து வளர்ந்த ஊர்தான், ஒவ்வொரு தெருவும் மனப்பாடம்தான். ஆனாலும் இந்த நாட்களில் மட்டும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறேன். போன வாரம் வரை மொட்டையாக நின்ற அரசமரம் இன்று செம்பு நிறத்தில் மினுங்குகிறது. பச்சையம் இன்னும் சேராத பிஞ்சு இலையைக் கடும் வெயிலிலிருந்து ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி காப்பதாகத் தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். இலை முற்ற முற்ற அது பச்சையாகிவிடும். எங்கிருந்தோ குயில் கூவுகிறது. விட்டுவிட்டுக் கூவுவது கறுத்த ஆண். புள்ளி போட்ட பெட்டை காக்கைக் கூட்டை நோட்டம் விட்டுக்கொண்டிருக்கும்.

இன்று அந்த அரசமரத்தின் தூரைக் குனிந்து பார்த்தேன். மனசு கனத்துவிட்டது. நடைபாதை போட்டவர்கள் மரத்தோடு ஒட்டிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஒரு விரல் நுழைய இடமில்லை. சற்று மேலே, விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி. பலகை எப்போதோ போய்விட்டது, ஆணி இருக்கிறது. பட்டை அதைச் சுற்றி உதடு மாதிரித் தடித்து, பாதியை விழுங்கியிருக்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே சின்னக் கணுவிலிருந்து இரண்டு தளிர்.

வேர் ஆழத்தில் போய்த் தண்ணீர் தேடிக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் பரவிக் கிடக்கிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். மேலே சிமெண்டைப் பூசினால் மழைத்தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. மரம் உடனே சாகாது. நுனிக்கிளைகள் ஒவ்வொன்றாகக் காயும். அப்புறம் ஒருநாள் பெருங்காற்றில் சாயும். அப்போது 'உளுத்த மரம்' என்று பழியையும் அதன் மேலேயே போடுவோம்.

நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் தினமும் நடக்கிறவன் நான். தூரைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணை விட்டுவிட்டுப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். உதிர்கிற சருகையும் கொளுத்தாமல் அந்த மண்ணிலேயே ஒதுக்கிவிட்டால் மக்கி உரமாகும். சருகு குப்பை என்று கிளையையே வெட்டச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

மரத்தைப் படம் பிடித்து, பொறுப்பான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பூசியதை எடுக்கும்போது கடப்பாரை வேரில் படக்கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மரம் நின்றால் கமெண்டில் படம் போடுங்கள். மனு எழுத நான் உதவுகிறேன்.