3200-ன்னா எல்லாம் ஒண்ணாம்ல!

"டிடிஆர்4 3200 தானே சார், எல்லாம் ஒண்ணுதான், போட்டா ஓடும்." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டர் ராமைப் பத்தி (டிடிஆர்4ங்கிறது ரகம், 3200ங்கிறது வேகம்) சொன்னதை அப்படியே நம்பி நாலு நாளா தூக்கம் போச்சு எனக்கு.

ஏற்கனவே 8 ஜிபி ராம் ஒண்ணு இருந்துச்சு, இன்னொரு 8 போட்டா 16ன்னு கணக்கு. பயாஸ்லயும் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் பக்கம்) 16ன்னுதான் காட்டுச்சு. ராமை அதுமேல போட்டிருக்கற முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பிங்கிற செட்டிங்கை ஆன் பண்ணேன் பாருங்க, ஸ்கிரீன் கறுப்பு, ஃபேன் மட்டும் சுத்துது, தானா ஆஃப் ஆகுது, தானா ஆன் ஆகுது, சாமி வந்த மாதிரி மூணு தடவை ஆடிட்டு பழைய செட்டிங்குக்கே திரும்பிடுது.

கழட்டி ஸ்டிக்கரைப் பாத்தா பழசு சிஎல்16 (கேட்ட டேட்டாவைக் குடுக்க ராம் எடுத்துக்கற தாமதம், ஒரே வேகத்துல நம்பர் கூடினா தாமதமும் கூடும்), 1.35 வோல்ட். புதுசு சிஎல்22, 1.2 வோல்ட். 3200ன்னு மட்டும் கொட்டை எழுத்து, மத்ததெல்லாம் எறும்பு சைஸ்! மதர்போர்டு ரெண்டையும் ஒரே ஸ்பீடுலதான் ஓட்டும். ஜோடி மாட்டு வண்டி கணக்குதான், ஒண்ணு துள்ளி ஓடினாலும் நொண்டுறது போற வேகத்துலதான் வண்டி போகும். சரி எக்ஸ்எம்பியே வேணாம்டான்னு விட்டா இப்ப நொண்டுறது பழசு, எக்ஸ்எம்பி இல்லாட்டி அது 2133 தாண்டாது, அதனால ரெண்டும் 2133. ஒழுங்கா 3200ல ஓடிட்டிருந்ததையும் காசு குடுத்து கெடுத்த ஆளு நானாத்தான் இருப்பேன்.

இதுல அந்தக் கடைப்பையன் வேற ரெண்டையும் பக்கத்து பக்கத்து ஸ்லாட்ல சொருகிக் குடுத்திருக்கான். நாலு ஸ்லாட் இருந்தா சிபியு பக்கத்துலேர்ந்து 2ஆவதும் 4ஆவதும்னு போர்டு புக்லயே படம் போட்டிருக்கு, அதை ஒருத்தனும் பாக்க மாட்டான், ரெண்டு ராமும் ஒரே நேரத்துல டேட்டா அனுப்பற டூயல் சேனலே வேலை செய்யல. (வீட்டுக்கு வந்து நானும் பாக்கல, அது தனி எரிச்சல்.)

அப்புறம் கையாலயே 3200, சிஎல்18ன்னு போட்டேன், விண்டோஸ் வந்துச்சு, ஆகா ஜெயிச்சாச்சுன்னு எக்செல் திறந்தா ப்ளூ ஸ்கிரீன், மெமரி மேனேஜ்மென்ட் எரராம். ராமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓட விட்டா காலைல ஸ்கிரீன் பூரா செவப்பா எரர். தனித்தனியா போட்டு டெஸ்ட் பண்ணா ரெண்டுமே பத்தரைமாத்து தங்கம், ஒரு எரர் கூட இல்ல!

கடைல போய் கேட்டா "தனியா ஓடுதுல்ல சார், அப்ப ராம்ல பிரச்சனை இல்ல, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சுட்டு அவரே சொல்றாரு, "ரெண்டு ஸ்டிக் ஜோடியா வர்ற கிட் ஒண்ணு இருக்கு, போட்டுரட்டுமா?"